போஸ்டிங் மாறும் ராணுவத் தம்பதிக்குக் கார் இன்சூரன்ஸ்

கார் இன்சூரன்ஸ் பாலிசி ஒரு பெயர், ஒரு பதிவெண், ஒரு முகவரி ஆகியவற்றை நம்பி எழுதப்படுவது. ராணுவத்தில் இருப்பவரின் குடித்தனத்தில் இவை எதுவும் நிலையாக இருப்பதில்லை. வேலூரில் வாங்கிய கார் பதான்கோட்டில் ஓடும். கணவர் ஃபீல்டு ஏரியாவுக்குப் போனதும் சாவி மனைவி கைக்கு வரும். ஆகவே பிரீமியம் விசாரிப்பதற்கு முன்பே, கார் யார் பெயரில், எந்தப் பதிவில் இருக்க வேண்டும் என்று தம்பதி பேசி முடிவெடுப்பது நல்லது.

ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அங்கே புது எண் வாங்க வேண்டும். பழைய ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி., புது மாநிலத்தில் வரி, கட்டிய ஆயுள் வரியைத் திரும்பப் பெற அலைச்சல் என்று அது நீளும். எண் மாறியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லி பாலிசியில் திருத்த வேண்டும். 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பி.ஹெச். எனும் பாரத் சீரிஸ் பதிவு ராணுவத்தினருக்கும் உண்டு. வரியை இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டினால் போதும். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. அடிக்கடி இடம் மாறுபவருக்கு இதுவே சிறந்த வழி.

தேர்டு பார்ட்டி பிரீமியம் நாடு முழுவதும் ஒன்றுதான். 2022-இல் நிர்ணயித்தபடி 1,000 சி.சி. வரையிலான காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். விலையை ஒப்பிட்டுப் பார்த்து மிச்சம் பிடிக்க முடிவது, சொந்தக் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில் மட்டுமே.

கணவர் பெயரிலுள்ள காரை மனைவி ஓட்டினால் பாலிசி செல்லுமா என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. செல்லும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்.எல்.ஆர். வைத்துப் பழகும்போது ‘எல்’ போர்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவரும் கட்டாயம். ஆனால் பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே. பி.ஹெச். எண்ணுக்காகக் காரைக் கணவர் பெயரில் வைத்துவிட்டு மனைவி தினமும் ஓட்டினால், அந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. அவர் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. கணவர் பக்கத்திலும் ஒன்று உண்டு: பட்டாளத்தில் வண்டி ஓட்டக் கொடுத்த ராணுவ லைசென்ஸ் சொந்தக் காருக்குச் செல்லாது. ஆர்.டி.ஓ. லைசென்ஸ் தனியாக வேண்டும்.

நோ கிளெய்ம் போனஸ் முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி, கிளெய்ம் இல்லாத ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் வரை ஏறும். ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். இப்போதைய போனஸ் 35 சதவீதம். குவார்ட்டர்ஸ் சுவரில் இடித்து பம்பர் உடைந்தது. மாற்ற 4,000 ரூபாய். பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதத் தேய்மானம், கட்டாயக் கழிவு 1,000 போக, தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் காப்பு எடுக்காதவர் கைக்கு வருவது 1,000 ரூபாய்தான். கிளெய்ம் செய்யாமல் விட்டிருந்தால் அடுத்த ஆண்டு கிடைத்திருக்கும் 45 சதவீதத் தள்ளுபடி, அதாவது 4,500 ரூபாய், போய்விடும். இந்தப் போனஸ் காருக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. போஸ்டிங்குக்கு முன் காரை விற்றால் போனஸுக்கான சான்றை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம்.

பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால் சேர்ந்த போனஸ் முழுவதும் போய்விடும். ரினியூவல் நினைவூட்டலும் ஓ.டி.பி.யும் சிக்னல் கிடைக்காத மலையிலுள்ள போனுக்கே போய்க்கொண்டிருந்தால், பணம் இருந்தும் பாலிசி விட்டுப்போகும். அதனால் கம்பெனியிடம் மனைவியின் மொபைல் எண்ணைக் கொடுத்து வைக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை எடுத்தால் முதல் முறைக்கே 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு மொத்தமும் உரிமையாளர் தலையில் விழும்.

காரை ரயிலிலோ டிரக்கிலோ புது ஊருக்கு அனுப்பும்போது ஏற்படும் சேதமும், நிலச்சரிவும், தீவிரவாதத் தாக்குதலும் ஓன் டேமேஜில் அடங்கும். போர்ச் சேதம் அடங்காது. ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் கிலோமீட்டர் மீட்டரையும் படம் எடுத்துவிட வேண்டும். இடம் மிச்சம் என்று காருக்குள் திணித்து அனுப்பும் பாத்திரம் பண்டங்களுக்கு இந்தப் பாலிசி பொறுப்பேற்காது.

கிளெய்ம் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் பாலிசிதாரர். கணவர் கிளம்பும் முன்பே மனைவிக்கு அதிகாரம் அளித்து ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம். எந்த வடிவில் வேண்டும் என்று கம்பெனியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆர்.சி.யும் பாலிசியும் டிஜிலாக்கரில் இருந்தால் சாலைச் சோதனைக்குப் போதும். இரண்டாவது சாவியை மட்டும் கணவர் தன் கிட் பேக்கில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது. கார் திருடுபோனால் கம்பெனி இரண்டு சாவிகளையும் கேட்கும்.