நிலையக் கடிகாரங்களும் அவற்றைச் செய்தோரும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

பழம்பொருள் சேர்ப்போர் பல வகையினர். நாணயம் சேர்ப்போரையும் அஞ்சல்தலை சேர்ப்போரையும் நம் கல்லூரியிலேயே காணலாம். இங்கிலாந்தில் பழைய புகைவண்டி நிலையக் கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்போர் உண்டு. அவற்றை விலை கொடுத்து வாங்கும் வசதி எனக்கில்லை. அவற்றைப் பற்றிய செய்திகளை மட்டும் சில ஆண்டுகளாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் சேர்த்து வருகிறேன். அதனால் நான் உணர்ந்த உண்மை ஒன்று உண்டு. கடிகாரத்தை அதன் வரலாற்றிலிருந்து பிரித்துவிட்டால் எஞ்சுவது மரமும் பித்தளையுமே. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊருக்கொரு நேரம்

இருப்புப்பாதை வருவதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் தனி நேரம் இருந்தது. சூரியன் உச்சிக்கு வந்தால் அவ்வூருக்கு நண்பகல். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. ஆதலால் லண்டனுக்கு மேற்கேயுள்ள பிரிஸ்டல் நகரில் நண்பகல் சுமார் 10 நிமிடம் பிந்தி வந்தது. குதிரை வண்டியில் சென்றவர்களுக்கு இது ஒரு பொருட்டன்று. ஆனால், ஒரே பாதையில் அடுத்தடுத்துப் புகைவண்டிகளை விடுவோர்க்கு நேர வேறுபாடு உயிர் பற்றிய செய்தியாகும்.

எனவே கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840 நவம்பரில் தன் நிலையங்களில் லண்டன் நேரத்தைக் கைக்கொண்டது. 1847 முதல் பிற கம்பெனிகளும் கிரீனிச் நேரத்துக்கு மாறத் தொடங்கின. பிரிட்டன் முழுமைக்கும் அதுவே நேரம் என்ற சட்டம் 1880-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் இரு நேரங்களோடு வாழ்ந்தனர். பிரிஸ்டல் தானியச் சந்தைக் கட்டடத்தின் கடிகாரத்தில் இன்றும் இரண்டு நிமிட முட்கள் உள்ளன. ஒன்று ஊர் நேரத்தையும் மற்றொன்று லண்டன் நேரத்தையும் காட்டுவன.

சரியான நேரம் தொலைவிலுள்ள ஊர்களுக்கு எவ்வாறு சென்றது? தொடக்கத்தில் நேரத்தையும் வண்டியிலேயே ஏற்றி அனுப்பினர். லண்டனில் சரிசெய்த கடிகாரம் ஒன்று அயர்லாந்து அஞ்சல் வண்டியின் கார்டு வசம் நாள்தோறும் ஒப்படைக்கப்பட்டது. 1852-இல் கிரீனிச் வானாய்வுக்கூடத்திலிருந்து தந்திக் கம்பி வழியே நேரக் குறிப்பு செல்லத் தொடங்கியது. நிலையச் சுவரில் தொங்கிய கடிகாரம் அந்தக் குறிப்பை ஊராருக்கு அறிவித்தது. பல சிற்றூர்களில் மக்கள் நம்பிக் கேட்கத்தக்க நேரம் அது ஒன்றே.

சென்னை நேரம்

நம் நாட்டிலும் இச்சிக்கல் எழுந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பாதைகள் நீண்டு பம்பாயும் கல்கத்தாவும் இணைந்தபோது எந்த ஊர் நேரத்தைக் கொள்வது என்ற கேள்வி பிறந்தது. கிரீனிச்சைவிடப் பம்பாய் 4 மணி 51 நிமிடமும், சென்னை 5 மணி 21 நிமிடமும், கல்கத்தா 5 மணி 53 நிமிடமும் முந்தியவை. சென்னை ஏறத்தாழ நடுவில் இருப்பதைக் காண்க. 1792 முதல் இயங்கிய வானாய்வுக்கூடமும் இங்கு இருந்தது. ஆகவே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இருப்புப்பாதைகள் சென்னை நேரத்தை ஏற்றன. 1906-இல் இந்தியத் திட்ட நேரம் வந்தபோது அது சென்னை நேரத்தைவிடச் சுமார் 9 நிமிடம் முந்தியிருந்தது. நம் ஊர் நேரத்தை நாடெங்கும் காட்டிய கடிகாரங்கள் இருந்தன என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்றோ!

செய்தவர் யார்?

டென்ட், ஜான் வாக்கர் ஆகிய லண்டன் கம்பெனிகளும், லீட்ஸ் நகரின் பாட்ஸ் குடும்பத்தாரும், விட்சர்ச் ஊரின் ஜாய்ஸ் குடும்பத்தாரும் நிலையக் கடிகாரங்களுக்குப் பெயர் பெற்றவர்கள். 1851-ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்ட டென்ட் கடிகாரம், மறு ஆண்டு திறந்த கிங்ஸ் கிராஸ் நிலையக் கோபுரத்தில் ஏறியது.

எனினும் முகப்பில் உள்ள பெயரைக் கண்டவுடன் செய்தவர் இவரே என முடிவு கட்டலாகாது. விற்றவரே தம் பெயரை எழுதிக்கொள்வது அக்கால வழக்கம். உள்ளே உள்ள இயந்திரம் லண்டன் கிளார்க்கன்வெல் பகுதிப் பட்டறைகளில் உருவாகியிருக்கும். சென்னை மவுண்ட் ரோட்டின் புகழ்பெற்ற பி. ஆர் அண்டு சன்ஸ் பெயர் தாங்கிய பழைய கடிகாரங்களிலும் ஐரோப்பிய இயந்திரங்கள் உண்டு. எங்கள் ஊரில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், “தம்பி, முகத்தைப் பார்த்து மயங்காதே, முதுகைத் திருப்பிப் பார்” என்று எனக்குச் சொன்னார். இந்தத் துறைக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

அவர் எனக்கு ஒரு பழைய ஆங்கிலக் கடிகாரத்தைத் திறந்து காட்டினார். அதில் ஃபியூசி என்னும் கூம்பு வடிவச் சக்கரம் இருந்தது. சாவி கொடுத்தவுடன் ஸ்பிரிங் வலுவாக இழுக்கும். நாளாக ஆக வலு குறையும். இதனால் கடிகாரம் ஒரே சீராக ஓடாது. ஃபியூசியின்மேல் ஒரு சங்கிலி சுற்றியிருக்கும். ஸ்பிரிங் வலுவாக உள்ளபோது சங்கிலி கூம்பின் குறுகிய பக்கத்தை இழுக்கிறது. வலு குறையும்போது அகன்ற பக்கத்தை இழுக்கிறது. நெம்புகோல் தத்துவத்தால் குறைந்த வலு ஈடு செய்யப்படுகிறது. வாரத்துக்கு ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் சீராக ஓடும் கடிகாரங்கள் இவ்வாறு பிறந்தன.

எழுத்தும் எண்ணும்

முகப்பில் உள்ள சுருக்கெழுத்துகள் காலத்தைக் காட்டுவன. பிரிட்டனில் 1923-இல் பல கம்பெனிகள் நான்காக இணைந்தன. 1948-இல் அந்நான்கும் நாட்டுடைமை ஆயின. ஒவ்வொரு மாற்றத்திலும் பல முகப்புகளில் புதிய எழுத்துகள் ஏறின. நம் நாட்டிலும் ‘எம்.எஸ்.எம்.’ என்ற எழுத்து 1908-க்கு முன் இருந்திருக்க முடியாது; அக்கம்பெனி அவ்வாண்டில்தான் தோன்றியது. 1951 ஏப்ரல் 14-இல் அதுவும் சவுத் இந்தியன் ரயில்வேயும் மைசூர் ரயில்வேயும் சேர்ந்து தென்னக ரயில்வே ஆயின. ஆனால் எழுத்தைவிட இயந்திரம் மூத்ததாக இருக்கலாம். பெட்டியில் உள்ள எண்ணையும், பழுது பார்த்தவர்கள் உள்தகட்டில் கீறிய பெயரையும் நாளையும் கொண்டே முழு வரலாற்றை அறிய இயலும்.

புகழ்பெற்ற கம்பெனியின் எழுத்து இருந்தால் விலை பன்மடங்கு ஏறும். ஆதலால் சாதாரணப் பள்ளிக்கூடக் கடிகாரத்துக்குப் புதிதாக எழுத்திட்டு விற்போரும் உளர். நல்லெண்ணத்தால் பழைய முகப்பைச் சுரண்டி வண்ணம் பூசுவோரும் அதே அளவு தீங்கு செய்கின்றனர். இருவர் கையிலும் அழிவது சான்றுதான்.

உடைந்த கடிகாரம்

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தின் பெரிய கடிகாரம் 1970-களில் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவருக்கு இரண்டரை லட்சம் பவுனுக்கு விலைபேசப்பட்டது. இறக்கும்போது அது விழுந்து நொறுங்கியது. புகைவண்டி கார்டு ஒருவர் 25 பவுன் கொடுத்துத் துண்டுகளை வாங்கினார். நாட்டிங்காம்ஷயரில் உள்ள தம் வீட்டுக் களஞ்சியச் சுவரில் அவற்றைப் பொருத்தி மீண்டும் ஓடவைத்தார். அந்நிலையம் 2007-இல் புதுப்பிக்கப்பட்டபோது டென்ட் கம்பெனி புதிய கடிகாரத்தைச் செய்ய இந்தத் துண்டுகளே வழிகாட்டின. பெரும்பணத்தால் இயலாததை அக்கடிகாரத்தை நாள்தோறும் பார்த்து வாழ்ந்த ஒரு தொழிலாளியின் பற்று செய்து முடித்தது.

நாம் செய்யத்தக்கது

இன்று நிலையங்களில் மின்னணுக் கடிகாரங்கள் ஒளிர்கின்றன. அவை துல்லியமானவை, அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பழைய கடிகாரம் கழிவுப்பொருளாகக் காயலான் கடைக்குச் செல்லும் நாளில், அது எந்த நிலையத்தில் எத்தனை காலம் ஓடியது என்ற செய்தியும் உடன் போய்விடுகிறது. பின்னர் அதை எவ்வளவு விலை கொடுத்தும் மீட்க இயலாது.

நம் கல்லூரி மாணவர்கள் பல ஊர்களிலிருந்து வருகின்றனர். அவரவர் ஊர் நிலையத்தில் பழைய கடிகாரம் இருப்பின், நிலைய அதிகாரியின் இசைவு பெற்று நான்கு செய்திகளைக் குறித்து வரலாம்: முகப்பில் உள்ள பெயர், சுருக்கெழுத்து, பெட்டியின் எண், அதற்குச் சாவி கொடுத்த மூத்த ஊழியர்கள் கூறும் நினைவுகள். இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். வரலாற்றுத் துறையில் அவற்றைத் தொகுத்து வைத்தால் பின்வரும் மாணவர்களுக்கு அது ஒரு நல்ல மூலமாக அமையும். இம்முயற்சிக்கு ஆசிரியப் பெருமக்களின் ஆதரவை நாடுகிறேன்.