பங்குனி ஆமையும் கடற்காவல் அலுவலரும்

வங்காள விரிகுடாவின் மேலைக் கரையில், ஒடிசா மாநிலத்தின் மணற்பரப்பிலே, மாசி பங்குனித் திங்கள்களில் ஓர் அரிய காட்சி நிகழ்வதுண்டு. இரவு நேரத்தில் ஆயிரக்கணக்கான பெண் ஆமைகள் அலைகளினின்றும் ஒருசேர வெளிப்பட்டுக் கரையேறி, பின் துடுப்புகளால் மணலைத் தோண்டி, குழிக்கு ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டு, மீண்டும் கடலை அடைகின்றன. சில நாள்களுக்குள் இலட்சக்கணக்கான ஆமைகள் வந்து போவதும் உண்டு. ருஷிகுல்யா ஆற்று முகத்தில் 2025-ஆம் ஆண்டு இவ்வாறு முட்டையிட்டவை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டன. இக்கூட்ட வருகையை ‘அரிபாடா’ என்னும் ஸ்பானியச் சொல்லால் விஞ்ஞானிகள் குறிப்பர். ‘வருகை’ என்பதே அதன் பொருள். இவ்வாமைக்குத் தமிழ்க் கடற்கரை மக்கள் வழங்கும் பெயர் பங்குனி ஆமை.

இவ்வினத்தைக் காக்கும் பொறுப்பு வனத்துறை, மீன்வளத்துறை, கடலோரக் காவற்படை ஆகியவற்றின் அலுவலர்களைச் சார்ந்தது. அவர்களது பணி யாது, அதற்கு விஞ்ஞானம் எவ்வாறு துணை செய்கின்றது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஆபத்து எங்கிருந்து வருகின்றது?

ஒடிசாவில் மூன்று இடங்கள் இவ்வாமைகளுக்குப் பெயர் பெற்றவை: கஹிர்மாதா, தேவி ஆற்று முகம், ருஷிகுல்யா ஆற்று முகம். இவற்றுள் கஹிர்மாதாவின் சிறப்பை விஞ்ஞான உலகம் அறிந்தது 1974-ஆம் ஆண்டில் எச். ஆர். பஸ்டார்டு என்பார் வெளியிட்ட செய்தியால் ஆகும். அதற்கு முன்னர் அங்கு ஆமை முட்டைகளை உரிமம் பெற்றே சேகரித்து வந்தனர். பிடிபட்ட ஆமைகள் கல்கத்தாச் சந்தைகளுக்கும் அனுப்பப்பட்டன. சட்டத்தாலும் கண்காணிப்பாலும் இவ்வாணிபம் பெரும்பாலும் ஒடுங்கிற்று. ஆனால் அதனினும் பெரிய தீங்கு பின்னர் தலையெடுத்தது. அதுவே இழுவலை.

ஆமை நீரில் வாழ்வதாயினும் நுரையீரலால் சுவாசிக்கும் பிராணி. அமைதியாக இருக்கும்போது நெடுநேரம் மூழ்கியிருக்க அதனால் இயலும். ஆனால் வலையில் அகப்பட்டுப் போராடும் ஆமை, தன் உடலிலுள்ள பிராணவாயுவை விரைவிலே செலவிட்டுவிடுகின்றது. வலையோ மணிக்கணக்காக இழுக்கப்படுகின்றது. முடிவு, மூச்சு முட்டி மரணம்.

நவம்பர் மாதம் முதற்கொண்டே ஆணும் பெண்ணுமாய் ஆமைகள் கரையையடுத்த ஆழமற்ற கடலில் இனப்பெருக்கத்துக்காகக் கூடுகின்றன. இறால் மிகுதியாகக் கிடைப்பதும் அதே பரப்பில்தான். ஆகவே படகுகளும் ஆமைகளும் ஒரே காலத்தில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இதனாற் பகைமை எதுவுமின்றியே கொலை நிகழ்கின்றது. முட்டையினின்றும் வெளிவரும் குஞ்சுகளில் மிகச் சிலவே முழு வளர்ச்சி அடைவதாலும், அவ்வளர்ச்சிக்குப் பல ஆண்டுகள் செல்வதாலும், முதிர்ந்த பெண் ஆமை ஒன்றின் இழப்பை ஈடுசெய்வது எளிதன்று.

சட்டத்தின் இரு கைகள்

அலுவலர் கையாளும் சட்டங்கள் இரண்டு. முதலாவது, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். பங்குனி ஆமை இதன் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. இவ்வட்டவணையிலுள்ள விலங்கை வேட்டையாடிய குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சட்டத்தின் 50-ஆம் பிரிவு, தக்க காரணம் இருப்பின் படகில் ஏறிச் சோதனையிடவும், பொருள்களைக் கைப்பற்றவும், பிடிவாரண்டின்றிக் கைது செய்யவும் அலுவலருக்கு அதிகாரம் அளிக்கின்றது.

இரண்டாவது, 1982-ஆம் ஆண்டு ஒடிசா கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். கரையோரத்து முதல் ஐந்து கிலோமீட்டர் கடல் மரபுவழிப் படகுகளுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது இதன் வழியேயாம். தாம்ரா, தேவி, ருஷிகுல்யா ஆகிய ஆற்று முகங்களையொட்டி, கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை, நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடிப்புத் தடை விதிக்கப்படுவதும் இச்சட்டத்தின் துணைகொண்டுதான். கீழைக் கடற்கரை முழுமைக்கும் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் நிலவும் தடை வேறு. அது மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதியது. கஹிர்மாதாவோ 1997-ஆம் ஆண்டில் 1,435 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனவே அங்கு வன உயிரினச் சட்டமே முதன்மையாக நிற்கின்றது.

கடலில் நடைபெறும் விசாரணை

காட்டில் வேட்டைக்காரனின் அடிச்சுவடு எஞ்சும். கடலிலோ சுவடு இல்லை. ஆகையால் கடற்காவல் அலுவலர் முதலாவதாக நிலைநாட்ட வேண்டியது, படகு எங்கே இருந்தது என்பதே. செயற்கைக்கோள்களின் உதவியால் இடமறியும் கருவியைக் கொண்டு அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும், நேரத்தையும் அவ்விடத்திலேயே குறித்தல் வேண்டும். எல்லைக்கு உள்ளே இருந்ததென்று வாயாற் கூறுவது போதாது. குறிப்பில் ஒரு சிறு பிழை நேரினும், ‘யாம் எல்லைக்கு வெளியே இருந்தோம்’ என்னும் எதிர்வாதத்துக்கு வழி பிறந்துவிடும்.

இரண்டாவது, வலை நீருக்குள் இருந்ததா, படகின் மேலே இருந்ததா என்பது. எல்லைக்குள் செல்வது வேறு, எல்லைக்குள் மீன் பிடிப்பது வேறு. நனைந்த கயிறு, புதிதாகப் பிடிபட்ட மீன், இயங்கும் சுழலுருளை ஆகியவை சான்றாகும். மூன்றாவது, மகஜர். கைப்பற்றிய வலை, மீன், ஆமை ஆகியவற்றின் விவரங்களைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கையொப்பம் பெறல் வேண்டும். உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலர், குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம், பின்னர் நீதிமன்றத்திலும் செல்லும். அந்த முன்னிலை இல்லையேல் அப்பதிவு பயனற்றதாகும்.

வலையில் அசைவற்றுக் கிடக்கும் ஆமை இறந்ததாகவே கொள்ளற்க. மூர்ச்சையுற்றதும் அவ்வாறே தோன்றும். அதனை உடனே கடலில் எறிந்தால் மூழ்கி இறந்துவிடும். அடிவயிறு கீழாக வைத்து, பின்பகுதியை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயர்த்தி, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருப்பின், நுரையீரலில் புகுந்த நீர் வடிந்து மூச்சு மீளக்கூடும். இதற்கு நான்கு மணி முதல் ஒரு நாள் வரை செல்லும். இதனை அலுவலர் அறிவதோடு மீனவர்க்கும் கற்பித்தல் நன்று.

கரையொதுங்கும் உடல்களைக் கணக்கிடுதல் மற்றொரு கடமை. ஒரே உடல் இருமுறை எண்ணப்படாதவாறு குறியிட்டு, நாள், இடம், ஓட்டின் நீளம், காயம் ஆகியவற்றைப் பதிந்து புதைக்கின்றனர். எப்பகுதியில் எந்த வாரத்தில் சாவு மிகுந்தது என்பதை இக்கணக்கு உணர்த்தும். ரோந்துப் படகுகளை எங்கே அனுப்ப வேண்டும் என்பதற்கு அதுவே வழிகாட்டி.

கருவியும் கருத்தும்

இழுவலையின் கழுத்துப் பகுதியில் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்தினால், இறால் கம்பிகளின் இடைவெளியே புகுந்து பின்பைக்குள் செல்லும். ஆமையோ சட்டத்தில் மோதி, அருகிலுள்ள திறப்பின் வழியே வெளியேறிவிடும். இதற்கு ஆமை விலக்குச் சாதனம் என்று பெயர். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் நம் நாட்டு வலைகளுக்கு ஏற்ற வடிவம் ஒன்றை அமைத்துள்ளது. எனினும் திறப்பின் வழியே மீனும் தப்பிவிடுகின்றது என்று படகுக்காரர் பலர் அதனை விரும்புவதில்லை. இச்சாதனம் தக்கவாறு பயன்படுத்தப்படவில்லை என்ற காரணத்தால், கடலிற் பிடித்த இந்திய இறாலின் இறக்குமதியை அமெரிக்கா 2019-ஆம் ஆண்டில் நிறுத்தியது. ஆமையைக் காத்தல் ஏற்றுமதியையும் காத்தல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அலுவலர் மறவாதிருக்க வேண்டியது மற்றொன்று உண்டு. ஏழு மாதத் தடை, கரையோரச் சிறு மீனவர் குடும்பத்துக்கு ஏழு மாதப் பசியாகவும் ஆகக்கூடும். பெரிய விசைப்படகின் உரிமையாளரும், துடுப்பு வலித்து ஒருநாள் உணவு தேடுபவரும் ஒரே அளவான குற்றவாளிகள் அல்லர். முதலில் எதிர்கொள்ள வேண்டியது இழுவலையையே. எளிதில் அகப்படுகின்றவரைப் பிடித்து எண்ணிக்கையை நிரப்புவது காவலாகாது. ருஷிகுல்யாக் கரையில் மீனவ இளைஞர் பலர் முட்டையிடும் திடல்களையும் குஞ்சுகளையும் தாமே காத்து வருகின்றனர். அவர்தம் நம்பிக்கையைப் பெற்ற அலுவலருக்குக் கரை முழுவதும் கண்களாகும்; இழந்தவருக்கோ எத்துணை விரைவுப் படகு இருந்தும் பயன் சிறிதே.

முட்டையிட்ட சுமார் ஐம்பது நாள்களில் குஞ்சுகள் மணலைப் பிளந்து வெளிவந்து கடலை நோக்கி ஓடுகின்றன. அவற்றுள் பிழைத்தவை முதிர்ந்து முட்டையிட வரும் நாளில், இன்று ரோந்து செல்லும் அலுவலர் பலர் ஓய்வு பெற்றிருப்பர். தாம் காணாத பயனுக்காக இரவெல்லாம் கடலில் விழித்திருப்பதே இப்பணியின் இயல்பு. அவர்கள் எழுதிவைக்கும் ஒவ்வொரு குறிப்பும் பிழையற்றதாக அமையுமாயின், சட்டமும் விஞ்ஞானமும் ஒருங்கே நின்று அப்பயனைக் காத்துத் தரும்.