ஓரிடத்தில் காத்தலும் பலவாய் வழங்கலும்: சிறு நிரற்பொதிகளின் வெளியீட்டு முறை குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

சங்கப் புலவர் தனித்தனியே பாடிய பாடல்கள் பின்னாளில் தொகுக்கப்பெற்று எட்டுத்தொகை எனப் பெயர் பெற்றதைத் தமிழ் பயில்வோர் அறிவர். தனித்தனியே பிறந்தவை ஓரிடத்தில் சேர்ந்தன. கணினித் துறையில் இதற்கு எதிரான ஒரு முறை வழக்கில் உள்ளது. ஓரிடத்தில் ஒன்றாக எழுதிக் காக்கப்படுபவை, உலகிற்கு வழங்கப்படுங்கால் தனித்தனிச் சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கின்றன. இம்முறையின் இயல்பையும் பயனையும், அதனுள் மறைந்து நிற்கும் ஓர் இடரையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் மாணவருட் சிலர் கணினித் தமிழில் ஆர்வங்கொண்டு நிரல் எழுதத் தொடங்கியுள்ளனர். எழுதியதைப் பிறர் கையில் ஒப்படைக்கும் நெறியையும் அவர்கள் அறிதல் நன்று.

சொற்பொருள் விளக்கம்

கணினி செய்ய வேண்டியதை வரிவரியாக எழுதி வைப்பது நிரல். ஒரு வேலையைச் செய்யும் நிரலைப் பிறரும் எடுத்தாளுமாறு பெயரும் பதிப்பெண்ணும் இட்டுக் கட்டித் தருவது நிரற்பொதி. இதனைப் 'பேக்கேஜ்' என்பர். நிரலையும், அதில் காலந்தோறும் செய்த திருத்தங்களின் வரலாற்றையும் சேர்த்துக் காப்பது களஞ்சியம். இதனை 'ரெப்பாசிட்டரி' என்பர். ஒரு பொதி தன் வேலைக்கு மற்றொரு பொதியின் துணையை நாடுவது சார்பு எனப்படும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படும் பொதிகள் பெரும்பாலும் 'என்பிஎம்' என்னும் பொதுப் பதிவகத்தில் வெளியிடப்படுகின்றன.

யாப்பு வழி ஓர் எடுத்துக்காட்டு

எழுத்து அசையாகி, அசை சீராகும் என்பது யாப்பிலக்கணம். இதனைக் கணினிக்குக் கற்பிக்க மூன்று பொதிகள் எழுதப்படுவதாகக் கொள்வோம். முதற்பொதி சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும். 'கொடி' என்பது நமக்கு ஈரெழுத்துச் சொல். யூனிகோடு முறையிலோ அது ககரம், ஒகரக் குறி, டகரம், இகரக் குறி என வழக்கமாக நான்கு குறியீடுகளாக எழுதப்படுகிறது. ஆதலின் இப்பொதி இன்றியமையாதது. இரண்டாம் பொதி எழுத்துகளைக் கொண்டு நேர், நிரை என அசை பிரிக்கும். மூன்றாம் பொதி அசைகளைக் கொண்டு சீரின் வாய்பாடு கூறும்.

அகராதி செய்பவர்க்கு முதற்பொதி ஒன்றே போதும். அவர் மீது யாப்பு முழுவதையும் சுமத்துதல் முறையன்று. எனவே பெறுவோர் நோக்கில் மூன்றும் தனித்தனியே கிடைத்தல் வேண்டும்.

எழுதுவோர் நோக்கில் நிலைமை வேறு. முதற்பொதி இனிமேல் எழுத்துடன் குறில், நெடில் என்னும் குறிப்பையும் சேர்த்துத் தரும் எனத் திருத்துவோமாயின், பழைய வடிவை எதிர்பார்த்திருந்த இரண்டாம் பொதி பழுதுபடும். மூன்றும் மூன்று களஞ்சியங்களில் இருப்பின், முதலாவதைத் திருத்தி வெளியிட்ட பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். பழுது நேர்ந்ததே சில நாள் கழித்துத்தான் தெரியவரும். ஒரே களஞ்சியத்தில் இருப்பின், திருத்தம் அனைத்தும் ஒரு சேர நிகழும். சோதனையும் ஒரு சேர நிகழும். இதுவே பொதுக் களஞ்சிய முறையின் தலையாய பயன் எனலாம்.

பேபல் கண்ட வழி

இம்முறை பரவியதற்குப் பேபல் என்னும் மென்பொருள் ஒரு முதன்மைக் காரணமாகும். புதிய ஜாவாஸ்கிரிப்ட் நடையில் எழுதியதைப் பழைய உலாவிகளும் அறியும் நடைக்கு மாற்றித் தருவது அதன் பணி. செபாஸ்டியன் மெக்கென்சி என்பாரால் 2014இல் வேறு பெயரில் தொடங்கப்பெற்ற அது, 2015இல் பேபல் எனப் பெயர் மாறியது. அவ்வாண்டு இறுதியில் வெளியான ஆறாம் பதிப்பில் அது பல சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஆயினும் களஞ்சியம் ஒன்றாகவே இருந்தது. அத்தனை பொதிகளையும் கையால் வெளியிடுதல் அரிதாகவே, அதற்கென எழுதப்பட்ட கருவி பின்னர் 'லெர்னா' என்னும் பெயரில் தனியே வழங்கலாயிற்று. கிரேக்கப் புராணத்தில் பல தலை நாகம் வாழ்ந்ததாகக் கூறப்படும் இடத்தின் பெயர் லெர்னா. ஓருடலும் பல தலைகளும் உடைய முறைக்கு இப்பெயர் பொருத்தமே. 2018இல் வெளியான ஏழாம் பதிப்பு முதல் பேபலின் பொதிகள் அனைத்தும் ஒரே குடும்பப் பெயரை முன்னொட்டாகக் கொண்டன.

அமைப்பும் வெளியீடும்

களஞ்சியத்தின் தலைக் கோப்புறையினுள் ஒவ்வொரு பொதிக்கும் ஓர் உட்கோப்புறை அமைத்தல் வேண்டும். பொதிதோறும் அதன் பெயர், பதிப்பெண், சார்புகள் ஆகியவற்றைக் கூறும் விவரக் கோப்பு இருத்தல் வேண்டும். தலைக் கோப்புறையின் விவரக் கோப்பில் 'வெளியிடற்குரியதன்று' எனக் குறித்தல் நலம். இல்லையேல் களஞ்சியம் முழுவதும் தவறுதலாக வெளியாகக்கூடும். உட்பொதிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தரும் வசதி யார்ன் என்னும் கருவியில் 2017இலும், என்பிஎம் ஏழாம் பதிப்பில் 2020இலும் இடம்பெற்றது.

பதிப்பெண் மூன்று உறுப்புகளை உடையது. பழுது நீக்கினால் மூன்றாம் எண்ணும், பழையதைக் குலைக்காமல் புதியது சேர்த்தால் இரண்டாம் எண்ணும், பழைய பயன்பாட்டைக் குலைக்கும் மாற்றம் செய்தால் முதல் எண்ணும் உயரும். பொதிகள் அனைத்திற்கும் ஒரே எண்வரிசை அளிப்பது ஒரு வகை. ஒவ்வொன்றற்கும் தனித்தனி எண் அளிப்பது மற்றொரு வகை. முன்னதில் எவை எவற்றோடு பொருந்தும் என்பது எளிதில் விளங்கும். பின்னதில் எண்ணின் உயர்வு அந்தந்தப் பொதியின் மாற்றத்தை மட்டும் உணர்த்தும். வெளியிடுங்கால் சார்பாக நிற்பதை முதலிலும், அதனைச் சார்ந்ததைப் பின்னரும் வெளியிடுதல் வேண்டும். எழுத்துப் பொதி வெளிவராமல் அசைப் பொதி வெளிவருமாயின், அதனைப் பெறுவோர் இல்லாததைத் தேடி ஏமாறுவர்.

மறைந்து நிற்கும் இடர்

கூட்டுக் குடும்பத்தில் அம்மி பொதுவாக இருக்கும். தனிக்குடித்தனம் சென்ற அன்றுதான் அது தமக்கு உரியதன்று என்பது புலப்படும். பொதுக் களஞ்சியத்திலும் இத்தகைய இடர் உண்டு. அசைப் பொதியை எழுதியவர் எழுத்துப் பொதியைப் பயன்படுத்திவிட்டு, விவரக் கோப்பில் அதனைக் குறிக்க மறந்தார் எனக் கொள்வோம். களஞ்சியத்தினுள் எல்லாம் அருகிலேயே இருப்பதால் நிரல் குறையின்றி இயங்கும், சோதனைகளும் தேறும். அசைப் பொதியை மட்டும் எங்கோ ஒருவர் தம் கணினியில் நிறுவுங்கால் அது இயங்காது. பழுதை முதலில் காண்பவர் எழுதியவர் அல்லர், முன்பின் அறியாத ஒருவர் ஆவார்.

இதற்குத் தீர்வு எளியது. எழுத்துப் பொதி வெளியான பின், அசைப் பொதியை வெளியிடுமுன், அதனை மட்டும் கட்டி, களஞ்சியத்திற்கு வெளியே ஒரு வெற்றுக் கோப்புறையில் நிறுவி இயக்கிப் பார்த்தல் வேண்டும். அந்நியர் நிலையில் நின்று நம் ஆக்கத்தை நாமே ஒரு முறை பெற்றுப் பார்த்தல் என இதனைக் கூறலாம்.

சிறிய பொதிதானே என இதனைப் புறக்கணித்தல் ஆகாது. 2016 மார்ச்சு மாதத்தில், பதினோரு வரிகளே கொண்ட 'லெஃப்ட்-பேட்' என்னும் பொதி என்பிஎம் பதிவகத்திலிருந்து அதன் ஆசிரியரால் நீக்கப்பட்டது. சொல்லின் இடப்புறத்தை நிரப்பி நீளத்தைச் சரிசெய்வதே அதன் வேலை. இடைப்பொதிகள் வழியே அதனைச் சார்ந்திருந்த பேபல் உட்படப் பல மென்பொருள்களின் நிறுவல் தடைப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் பதிவகத்தார் அதனை மீட்டனர். வெளியிட்டதை நீக்கும் விதிகளும் பின்னர் இறுக்கப்பட்டன. பொதுக் களஞ்சிய முறை இத்தகைய நிகழ்ச்சியைத் தானே தடுத்துவிடாது. சிறியதொரு பொதியின் மீதும் எத்துணைப் பேர் சாய்ந்து நிற்கக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

முடிவுரை

ஓரிடத்தில் காத்தல் எழுதுவோர்க்கு எளிமை தருகிறது. பலவாய் வழங்கல் பெறுவோர்க்குச் சுமை குறைக்கிறது. இவ்விரண்டையும் இணைப்பவை பதிப்பெண்ணும் சார்புக் குறிப்புமே. அவை எழுதியவர் முகமறியாத ஒருவர்க்கு அளிக்கும் வாக்கு என நாம் கருதுகிறோம். பிறர் நம்பி எடுத்துச் செல்லும் பொருள் அமானிதம் போன்றது. அதன் அளவு சிறிதாயினும் பொறுப்புச் சிறிதன்று. நம் மாணவர் நாளை தமிழுக்கென ஆக்கும் பொதிகள், அவர்தம் கணினியில் மட்டுமன்றி, எங்கோ ஒருவரின் வெற்றுக் கோப்புறையிலும் குறையின்றி இயங்குமாறு அமைதல் வேண்டும் என்பது நம் விழைவு.