ஜீப்பும் ஈர்ப்பு மையமும்

என் அக்காள் மகன் போடிநாயக்கனூரில் இருக்கிறான். மலைமேல் சிறிய ஏலத்தோட்டம் வைத்திருக்கிறான். தார்ச்சாலை முடிந்த பிறகு நான்கு கிலோமீட்டர் கல்லும் சேறுமான பாதை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் அங்கே போக முடியாது. சென்ற ஆண்டு பழைய ஜீப் ஒன்றை வாங்கினான். வாங்கிய மாதமே ஒரு பட்டியலுடன் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

"மாமா, பட்டறையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய டயர், வண்டியைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்துவது, கூரைமேல் கேரியர், நான்கு விளக்கு, முன்னால் இரும்புக் குழாய் பம்பர். எதை முதலில் செய்யட்டும்?"

"வண்டியில் யார் யார் போவீர்கள்?" என்று கேட்டேன்.

"நான், அவள், பிள்ளைகள் இரண்டு பேர். சில நாள் வேலையாட்களும் வருவார்கள்."

அன்று மாலை நாங்கள் இருவரும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். அப்போது போட்ட கணக்குகளைத்தான் இங்கே தருகிறேன். பத்தாம் வகுப்பு இயற்பியலும் கொஞ்சம் திரிகோணமிதியும் தெரிந்தால் போதும்.

பெரிய டயர்

அவன் வண்டியின் டயர் 28 அங்குல விட்டம். பட்டறை சொன்னது 31 அங்குலம். இரண்டுக்கும் உள்ள தகவு 31/28, அதாவது ஏறத்தாழ 1.11.

இதில் ஒரு நன்மை உண்டு. ஜீப்பின் அடியில் மிகத் தாழ்ந்து தொங்குவது ஆக்சில் நடுவில் உள்ள டிஃபரென்ஷியல் கூடு. பாதையின் நடுவில் துருத்தி நிற்கும் கல் முதலில் இடிப்பது அதைத்தான். ஆக்சில் சக்கரத்தின் மையத்தில் இருப்பதால், விட்டம் 3 அங்குலம் கூடினால் கூடு உயர்வது அதில் பாதி, 1½ அங்குலம்.

இனி விலையைப் பாருங்கள். எஞ்சின் ஆக்சிலுக்குத் தரும் திருப்புத்திறன் மாறுவதில்லை. திருப்புத்திறன் என்பது விசையையும் ஆரத்தையும் பெருக்கி வருவது. ஆரம் 1.11 மடங்கானால், தரையில் கிடைக்கும் இழுவிசை 1.11-ஆல் வகுபடும். இழுவையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது! பிரேக்குக்கும் இதே கணக்குதான். அது சக்கரத்தைப் பிடிக்கும் திருப்புத்திறன் பழைய அளவுதான். தரையில் கிடைக்கும் தடுப்பு விசையோ பத்தில் ஒரு பங்கு குறைவு. வேகமானியும் ஏமாற்றும். சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதே அதற்குத் தெரியும். முள் 50 காட்டும்போது வண்டி உண்மையில் 55-இல் ஓடும்.

வண்டியை உயர்த்துதல்

வில்பட்டைகளை மாற்றி உடலைப் பத்து சென்டிமீட்டர் தூக்குவது அடுத்தது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஆக்சில் வில்லுக்குக் கீழே இருக்கிறது. உடல்தான் உயரும், டிஃபரென்ஷியல் கூடு இருந்த இடத்திலேயே இருக்கும். நடுக்கல் முன்போலவே அதை இடிக்கும். உடலின் அடிப்பகுதி, முன்பின் முனைகள் இவை இடிபடாமல் தப்பும். பெரிய டயர் உரசாமல் சுழல இடம் கிடைக்கும். கிடைக்கும் ஆதாயம் இவ்வளவுதான்.

இழப்பது என்ன? கணக்கு எளிதாக இருக்க, முழு எண்களாகக் கொள்வோம். வண்டியின் எடை 1500 கிலோகிராம். இடது வலது சக்கரங்களின் இடைவெளி 1.4 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.7 மீட்டர் உயரத்தில்.

வண்டி பக்கவாட்டில் சாய்ந்த தரையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே வரையும் கோடு, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைத் தாண்டாத வரை வண்டி நிற்கும். தாண்டினால் கவிழும். ஆகவே கவிழும் கோணத்தின் டேன்ஜெண்ட், பாதி இடைவெளியை உயரத்தால் வகுத்தால் வரும். இங்கே 0.7/0.7 = 1. கோணம் 45 பாகை.

இப்போது உயர்த்துங்கள். சக்கரமும் ஆக்சிலும் வில்லோடு உயராததால் ஈர்ப்பு மையம் பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே ஏறும். அந்தக் குறையைப் பெரிய டயர் நிரப்பிவிடும். ஆகவே உயரம் 0.8 மீட்டர் என்போம். தகவு 0.7/0.8 = 0.875, கோணம் 41 பாகை. நான்கு பாகை போயிற்று.

"நான்கு பாகைதானே மாமா!" என்றான் மருமகன்.

"கேரியரையும் வைத்துப் பார்ப்போம்" என்றேன்.

கூரைமேல் சுமை

கேரியரும் அதன்மேல் ஏல மூட்டைகளுமாக 150 கிலோகிராம். உயரம் 2.1 மீட்டர். புதிய ஈர்ப்பு மையத்தைக் காண, ஒவ்வோர் எடையையும் அதன் உயரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும்.

1500 × 0.8 = 1200
150 × 2.1 = 315
கூட்டினால் 1515, இதை 1650-ஆல் வகுத்தால் 0.92 மீட்டர்.

தகவு 0.7/0.92 = 0.76. கோணம் 37 பாகை. எடையில் பத்தில் ஒரு பங்கைக் கூரையில் ஏற்றியதற்கே இந்த விளைவு.

இந்த 0.76 என்ற எண்ணை மனத்தில் வையுங்கள். வளைவில் திரும்பும்போது வண்டிக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு: வழுக்குவது, கவிழ்வது. மையவிலக்கு விசைக்கும் எடைக்கும் உள்ள தகவு, டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வுக் குணகத்தைத் தாண்டினால் வண்டி வழுக்கும். உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் அது ஏறத்தாழ 0.8. அதே தகவு நாம் கண்ட கவிழ் எண்ணைத் தாண்டினால் வண்டி கவிழும். இரண்டில் எது சிறியதோ அதுவே முதலில் நடக்கும்.

மாற்றாத வண்டியின் கவிழ் எண் 1, உராய்வு 0.8. ஆகவே வேகம் மிஞ்சினால் டயர் முதலில் வழுக்கும், கிறீச்சிடும், ஓட்டுநர் எச்சரிக்கை அடைவார். உயர்த்தி, மேலே சுமையும் ஏற்றிய வண்டியின் எண் 0.76. அது எச்சரிக்காது, வழுக்குவதற்கு முன்பே கவிழும். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இதற்கு மணிக்கு 38 கிலோமீட்டர் வேகம் போதும். உண்மையில் வில்கள் அமுங்கி உடல் வெளிப்புறம் சாய்வதால், இதற்கும் குறைந்த வேகத்திலேயே நடந்துவிடும்.

இந்த எண் வெறும் பாடப்புத்தகச் சரக்கு அன்று. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2001-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிலிருந்து, கவிழும் அபாயத்தைத் தரப்படுத்த இதே தகவைத்தான் எடுத்துக்கொண்டது.

எனக்கும் இது புத்தகத்தில் மட்டும் படித்ததன்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நண்பரின் ஜீப்பில் மாணவர்கள் நால்வருடன் கொல்லிமலைக்குப் போனேன். கூடாரத் துணிகள், அரிசி, தண்ணீர்க் குடங்கள் எல்லாம் கேரியரில். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே பேருந்து வர, நான் சட்டென்று ஒடித்தேன். உள்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. டயர் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு நொடி கழித்துத் தொப்பென்று விழுந்து நின்றது. கீழே பள்ளம். மாணவர்கள் சிரித்தார்கள், அவர்களுக்கு விளங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இயற்பியல் ஆசிரியனுக்கு விளங்கியது. நான் நடத்திய பாடத்தை நானே மறந்திருந்தேன். சாமான்களை இறக்கி வண்டியின் தரையில் வைத்த பிறகே மேற்கொண்டு புறப்பட்டேன்.

இதைக் கேட்ட மருமகன், பட்டியலில் இரண்டு வரிகளைத் தானே அடித்தான்.

விளக்கும் பம்பரும்

நான்கு விளக்குகள், ஒவ்வொன்றும் 55 வாட். மொத்தம் 220 வாட். 12 வோல்ட்டில் மின்னோட்டம் 18 ஆம்பியருக்கு மேல். ஒரு விளக்குக்குப் போட்ட மெல்லிய கம்பியில் இதைச் செலுத்தினால் மின்னோட்டம் நான்கு மடங்கு, வெப்பமோ பதினாறு மடங்கு! கம்பி உருகித் தீப்பிடிக்கும். விளக்கு தேவையென்றால் தடித்த கம்பி, ரிலே, ஃபியூஸ் மூன்றும் தேவை. அவனுக்கு இரண்டே போதும் என்று முடிவாயிற்று.

குழாய் பம்பரை முழுவதுமாக அடித்தோம். மோதலின்போது வண்டியின் முன்பகுதி நசுங்குவது ஒரு பாதுகாப்பு. நசுங்க எடுக்கும் நேரம் நீண்டால் விசை குறையும். விறைப்பான குழாய் அந்த நேரத்தைக் குறைத்து, அதிர்ச்சியை நேரே சட்டத்துக்கும் உள்ளே இருப்பவருக்கும் அனுப்பும். சாலையில் நடப்பவருக்கோ அது இரும்பு உலக்கை. இதனாலேயே 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இவற்றின்மேல் நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

அப்படியானால் எதை வாங்குவது?

சேற்றில் ஜீப் நிற்பது பெரும்பாலும் இழுவை போதாமல் அன்று; பிடிப்பு போதாமல். சாதாரண டிஃபரென்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சம திருப்புத்திறனையே தரும். ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுழன்றால் அதற்கு வேண்டிய திருப்புத்திறன் மிகக் குறைவு. கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே குறைந்த அளவுதான் கிடைக்கும். முன் ஆக்சிலில் ஒன்றும் பின் ஆக்சிலில் ஒன்றும் இப்படிச் சுழன்றால், நான்கு சக்கர இழுவை இருந்தும் வண்டி நகராது.

இதற்கு மருந்து டிஃபரென்ஷியல் பூட்டு. பூட்டினால் இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுற்றும். பிடிப்புள்ள சக்கரம் வண்டியை நகர்த்தும். ஆனால் தார்ச்சாலையில் பூட்டை எடுத்துவிட வேண்டும். அரைவட்டமான ஒரு வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 3.14 × 1.4, அதாவது 4.4 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். பூட்டியிருந்தால் டயர் தேய்ந்து இழுபடும்.

எல்லாவற்றிலும் மலிவான மருந்து காற்றை இறக்குவது! ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோகிராம் எடை. காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம், அதாவது 28 பவுண்டு, என்றால் டயர் தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தைப் பாதியாக்கினால் பரப்பு 400. மணலிலும் சேற்றிலும் டயர் புதைவது குறையும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி காற்று ஏற்றியாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும்.

எங்கள் புதிய பட்டியல் இது: பழைய அளவிலேயே ஆழமான பட்டன் உள்ள டயர்கள், காற்றழுத்த மானி, சிறிய காற்று பம்பு, இழுவைப் பட்டை, பின் ஆக்சிலுக்கு டிஃபரென்ஷியல் பூட்டு, பிரேக்குகளை முழுவதும் பிரித்துச் சீர்செய்தல், எல்லா இருக்கைக்கும் பட்டை. சுமையெல்லாம் தரைப்பலகையில்.

செய்து பாருங்கள்

ஒரு தீப்பெட்டியை மணல் நிரப்பி மூடுங்கள். ஓர் அட்டைப் பலகையின்மேல் அதைப் படுக்க வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். பெட்டி வழுக்கி இறங்கும். இப்போது அதைக் குறுகிய முனையில் செங்குத்தாக நிறுத்தி, அகலமான பக்கம் சரிவை நோக்கும்படி வைத்து உயர்த்துங்கள். அது வழுக்காமல் கவிழும். இரண்டு முறையும் கோணத்தை அளந்து, அடியின் பாதி அகலத்தை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து ஒப்பிடுங்கள்.

மருமகனின் ஜீப் இந்த மழைக்காலத்தில் ஒருநாளும் நிற்கவில்லையாம். பார்ப்பதற்கு மட்டும் சாதாரண ஜீப்பாகத்தான் இருக்கிறதென்று அவன் மகனுக்கு வருத்தம். அவன் ஒன்பதாம் வகுப்புக்கு வரட்டும், தீப்பெட்டியோடு போகிறேன்.