விளக்கும் விழிப்பும்

காவிரிக்குக் குறுக்கே மேட்டூரில் எழுந்த அணை 1934-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. 1937 முதல் அவ்வணை நீர் மின்னாற்றலையும் தரலாயிற்று. பின்னாளில் நிலக்கரியை எரிக்கும் அனல் மின்நிலையமும் அங்கு அமைந்தது.

நெல்லைக் குதிரில் சேர்ப்பது போல் மின்சாரத்தைச் சேர்த்து வைத்தல் எளிதன்று. நாம் விசையை அழுத்தும் கணத்திலேயே எங்கோ ஒரு பொறி சுழலவேண்டும். ஆதலின், ஆளில்லா அறையில் எரியும் விளக்கு நீரையோ கரியையோ வீணாக்குகின்றது.

60 வாட் குமிழ் விளக்கு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால், 30 நாளில் 9 அலகு மின்சாரம் செலவாகும். அதன் இழை வெப்பத்தையே மிகுதியாகத் தரும். ஏறத்தாழ அதே ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கு 1.35 அலகிலேயே தந்துவிடும்.

2012-ஆம் ஆண்டில் தமிழகம் கடும் மின்தட்டுப்பாட்டால் வாடியது. பள்ளிபாளையத்து விசைத்தறிகள் பல மணி நேரம் ஓய்ந்தன, தறிக்காரர் கூலியிழந்தனர். உழவர் கிணற்று நீரை இறைக்க மின்வரவை நோக்கிக் காத்திருந்தனர். ஒரு வீட்டின் சேமிப்பு சிறிதே. ஊர் முழுதும் சேமிப்பின் அது பெரிதாகும்.

மாணவர்களே! பகலில் பலகணியைத் திறந்து வையுங்கள். விளக்கில் படிந்த தூசியைத் துடையுங்கள். அறையை விட்டு நீங்குங்கால் விளக்கை அணையுங்கள். ஏற்றும் கையே அணைக்கவும் அறிதல் வேண்டும்.