அம்மாவின் முகம் எங்கே?

குமுளி கடைவீதி. மாலை நேரம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கம்பம் பக்கம் திரும்பும் ஜீப்புகள் வரிசையாக நின்றன. ஏலத்தோட்டத்தில் வேலை முடித்த ஒரு பெண் ஸ்டூடியோவுக்குள் வந்தார். கையில் செல்போன்.

"அண்ணே, இந்தப் படத்தைப் பெருசாக்கித் தரணும். எங்கம்மா படம். நாளைக்குப் பதினாறாம் நாள். வீட்ல மாட்டணும்."

ஸ்டூடியோக்காரர் படத்தைப் பார்த்தார். தேக்கடி ஏரி. பின்னால் மலை. மேலே பாதிக்கு வானம். கீழே நிறையப் புல்தரை. நடுவில் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள். இடது கோடியில் நின்றவர்தான் அம்மா.

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அம்மாவின் முகத்தை மட்டும் பெரிதாக்கினார். கண் இல்லை. மூக்கு இல்லை. கறுப்பாக ஒரு வட்டம்தான் தெரிந்தது.

"வேற படம் இல்லையாம்மா?"

"ஓட்டு அட்டையில இருக்குண்ணே. அது அம்மா மாதிரியே இருக்காது."

முப்பது வருஷம் ஏலக்காய் எடுத்தவர் அந்த அம்மா. அவருக்கு இருந்தது இந்த ஒரு படம்தான். அதிலும் முகம் இல்லை.

ஏன் இப்படி ஆனது? செல்போன் மட்டமானதா? இல்லை. எடுத்த விதத்தில்தான் கோளாறு.

செல்போன் படம் புள்ளிகளால் ஆனது. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பல செல்போன்களில் ஒரு படத்துக்கு 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கும். கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் அந்தப் புள்ளிகளை வானம் எடுத்துக்கொள்ளும். மலை எடுத்துக்கொள்ளும். புல்லும் எடுத்துக்கொள்ளும். தூரத்தில் நின்ற அம்மாவின் முகத்துக்குக் கிடைத்தது ஐந்தாறு ஆயிரம் புள்ளிகள்தான். அவ்வளவு குறைவான புள்ளியில் முகம் துலங்காது.

ஆகவே கிட்டே போங்கள். ஆளை எடுப்பது என்றால், தலை முதல் இடுப்பு வரை படத்தை நிறைக்கட்டும். திரையில் இரண்டு விரலை வைத்து விரித்தால் ஆள் பெரிதாகத் தெரிவார். ஆனால் பல போன்களில் அது உள்ள புள்ளிகளையே இழுத்துப் பெரிதாக்கும் வேலை. நான்கு அடி முன்னால் நடப்பதுதான் நல்லது. ஏரியும் வேண்டுமா? அதைத் தனியாக இன்னொரு படம் எடுங்கள். ஆளும் ஏரியும் சேர்ந்து வேண்டுமானால், ஆளைக் கிட்டே வரச் சொல்லுங்கள். ஏரி பின்னால் தானாக விழும்.

இனி, முகம் ஏன் கறுத்தது? எல்லோரும் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றார்கள். பின்னால் பளபளக்கும் தண்ணீரும் வானமும். செல்போன் அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டது. முன்னால் நின்ற முகங்கள் இருண்டுவிட்டன. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். ஆளை ஒரு பக்கம் திருப்பி நிற்க வைத்தாலே பாதி சரியாகிவிடும். திரையில் தெரியும் முகத்தின் மேல் ஒரு தடவை விரலால் தொடுங்கள். பல போன்களில் முகம் வெளிச்சமாகிவிடும்.

உச்சி வெயிலும் ஆகாது. கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். காலையும் மாலையும் நல்ல நேரம். பகலில் எடுத்தால் வீட்டு வாசல்படியில் உட்கார வைத்து எடுங்கள். கூரை நிழல் இருக்கும். வெளியிலிருந்து வெளிச்சமும் வரும். லயன் வீட்டு வாசல் இதற்கு அருமையான இடம். காசு கொடுத்துப் போகும் ஸ்டூடியோவில்கூட இப்படி ஓர் இதமான வெளிச்சம் வருவதில்லை!

எடுக்கும் முன் லென்சைத் துடைக்கவும் மறக்காதீர்கள். காய் எடுத்த கையில் பிசின் போலக் கறை இருக்கும். அது லென்சில் பட்டால் படம் மங்கும். மெல்லிய பருத்தித் துணி போதும்.

தேக்கடியில் இன்னொரு வேடிக்கை நடக்கும். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்தது. தேங்கிய தண்ணீரில் காடு மூழ்கியது. அன்று மூழ்கிய மரங்களின் பட்டுப்போன அடிமரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் ஒருவர் அதற்கு நேர் முன்னால் நின்றால், படத்தில் அவர் தலையில் கொம்பு முளைத்தது போல இருக்கும்! நேரில் பார்க்கும்போது நமக்கு இது தெரியாது. மரம் தூரத்தில், மாமா கிட்டத்தில் என்று நம் கண் பிரித்துவிடும். படத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எடுப்பவர் ஓர் அடி இடது பக்கம் நகர்ந்தால் கொம்பு போய்விடும்.

அப்படியானால் அமுக்கும் முன் எதைப் பார்ப்பது? ஆளை மட்டும் பார்த்தால் போதாது. படத்தின் நான்கு ஓரங்களையும் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. செல்போன்கூட வேண்டாம். ஒரு காலித் தீப்பெட்டி போதும். உள்ளே இருக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். வெளிக்கூட்டை ஒரு கண்ணில் வைத்து, மறு கண்ணை மூடிப் பாருங்கள். உலகம் ஒரு சட்டத்துக்குள் வந்துவிடும். நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். எது உள்ளே வருகிறது? எது வெளியே போகிறது? யாருடைய கால் பாதியில் வெட்டுப்படுகிறது? தண்ணீரின் கோடு நேராக இருக்கிறதா? சாய்த்துப் பிடித்தால் ஏரித் தண்ணீர் ஒரு பக்கமாகக் கொட்டுவது போல இருக்கும்.

ஆள் எப்போதும் நட்டநடுவில்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. தலைச்சுமையோடு நடந்து வருகிறவரை எடுக்கிறீர்களா? அவர் நடந்து போகும் பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் அவர் சுவரில் முட்டப் போவது போல இருக்கும்.

குமுளியிலிருந்து மலை இறங்கினால் கம்பம், தேனி, அதற்கப்பால் மதுரை. அந்த மதுரையை 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் படம் எடுத்தார். மீனாட்சி அம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். அப்போது செல்போன் இல்லை, பிலிம் சுருளும் இல்லை. மருந்து தடவிய காகிதத்தைப் பெரிய கேமராவுக்குள் வைத்து எடுக்க வேண்டும். வெளிச்சம் பதிய நேரமாகும். அதற்குள் ஆள் அசைந்தால் படம் கலங்கிவிடும். ஒரு படத்துக்கே அத்தனை பாடு. அதனால் அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் எடுத்திருப்பார். இன்று ஒரு நிமிஷத்தில் இருபது படம் எடுக்கலாம். பார்ப்பதுதான் குறைந்துவிட்டது.

தோட்டத்தில் எடுக்கும் படத்துக்கு வருவோம். ஏலச்செடி ஆளுக்கு மேலே வளரும். ஆனால் காய் எங்கே இருக்கும்? அடியில், தரையை ஒட்டிய சரத்தில் இருக்கும். பெண்கள் தரையில் உட்கார்ந்துதான் காய் எடுப்பார்கள். சுற்றுலா வருகிறவர்கள் நின்றபடியே படம் எடுத்துவிட்டுப் போவார்கள். அதில் தலைத்துண்டும் முதுகும்தான் தெரியும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எடுங்கள். முகம் தெரியும். விரல் தெரியும். விரலுக்குள் பச்சைக் காய் தெரியும். அது என்ன வேலை என்று படமே சொல்லும். அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் எடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

படம் சாட்சியாகவும் நிற்கும். 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் இடுக்கி மாவட்டத்தில் மலை சரிந்தது. எத்தனையோ வீடுகள் இடிந்தன. வீடு சேதமானால் விரிசலை மட்டும் கிட்டத்தில் எடுத்துப் பயனில்லை. அது எந்த வீட்டு விரிசல் என்று யார் சொல்வது? இரண்டு படம் எடுங்கள். தூரத்தில் நின்று முழு வீடும், பக்கத்து வீடோ கோயிலோ தெரிய ஒன்று. பிறகு விரிசல் மேல் கையை வைத்துக் கிட்டத்தில் ஒன்று. கையைப் பார்த்தால் விரிசல் எவ்வளவு அகலம் என்று தெரியும்.

கிட்டே போங்கள் என்று சொன்னது யானைக்குப் பொருந்தாது. யானை தூரத்திலேயே இருக்கட்டும். பெரிய மலைக்கு அடியில் சின்னதாக ஒரு யானை நின்றாலும் நல்ல படம்தான். படகிலும் எழுந்து ஓடாதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஒரு படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். அதற்குப் பல காரணங்கள் சொன்னார்கள். விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கமாகப் போனதும் அதில் ஒன்று.

ஸ்டூடியோவில் அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஸ்டூடியோக்காரர் யோசித்தார். அம்மாவை மட்டும் வெட்டி எடுக்கவில்லை. ஏழு பேரையும் அப்படியே வைத்து, முகங்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, படத்தை முழுசாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். அதுதான் இப்போது வீட்டுச் சுவரில் இருக்கிறது. "கோடியில நிக்கிறது உங்க பாட்டி" என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் காட்ட வேண்டும்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவர் அப்பாவை வாசல்படியில் உட்காரச் சொன்னார்.

"எதுக்குத்தா இப்ப? சட்டை மாத்திட்டு வாரேன்" என்றார் அப்பா.

மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மகள் லென்சைத் துடைத்தார். கிட்டே போனார். அப்பாவின் முகத்தில் வெளிச்சம் இருந்தது. நான்கு ஓரமும் பார்த்தார். வலது மூலையில் ஒரு சிவப்பு வாளி இருந்தது. அதை எடுத்து அப்பால் வைத்துவிட்டு வந்து, படத்தை எடுத்தார்.