'ஒரே ஒரு ஊர்ல...' – கதை எழுதப் பழகுவோம்



"கதை எழுத ஆசைதான். ஆனா புதுசா ஒண்ணுமே தோண மாட்டேங்குது!" சுவர் இதழுக்குக் கதை கேட்டுப் போனால் கிடைக்கும் பதில் இதுதான். எல்லாமே புதிதாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பாட்டி சொன்ன கதைகளில் நமக்குப் பழகிப்போன சில முறைகள் உண்டு. அவைதான் கதை மரபு. வாசகருக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது. அதைச் சரியாகப் பயன்படுத்தினால், இந்தச் சுவர் முன்னால் இரண்டு நிமிடம் நிற்பவர்கூடக் கடைசி வரி வரை படிப்பார்.

1. தொடக்கம்

"ஒரே ஒரு ஊர்ல ஒரு ராஜா. அவருக்குப் பிள்ளையே இல்லை." யார், எங்கே, என்ன குறை – மூன்றும் வந்தாச்சு. கதையும் கிளம்பியாச்சு! நம்மில் பலர் சூரியன் உதிப்பதற்கும் குயில் கூவுவதற்குமே அரைப் பக்கம் செலவழிக்கிறோம். முதல் இரண்டு வரியிலேயே குறையைச் சொல்லிவிடுங்கள்.

2. மூன்று முறை

ராஜாவுக்கு மூணு பையன்கள். மூத்தவன் போனான், தோற்றான். அடுத்தவன் போனான், தோற்றான். மூணாமவன்? இரண்டு முறை ஒன்றுபோல நடந்தால்தான் மூன்றாவது முறைக்கு நம் மனசு காத்திருக்கும்.

இதை இன்றைய கதையிலும் வைக்கலாம். பள்ளிச் சுற்றுலாவுக்கு ஒருவன் பணம் கேட்கிறான். அப்பா, "பார்க்கலாம்" என்கிறார். அம்மா, "அப்பாகிட்டயே கேளு" என்கிறாள். பாட்டியிடம் போகிறான். பாட்டி சுருக்குப்பையை அவிழ்க்கிறாள். காசு வரும் என்று நாம் நினைக்கிறோம். வருவது ஓர் அடகுச் சீட்டு. "கண்ணு தெரியலப்பா, உங்க அம்மா சங்கிலிய மீட்கக் கடைசித் தேதி என்னிக்குன்னு படிச்சுச் சொல்லு." அவன் தேதியைப் படித்துச் சொல்கிறான். பணம் கேட்கவில்லை. அவ்வளவுதான் கதை!

3. விதியை முதலிலேயே சொல்லுங்கள்

விக்கிரமாதித்தனிடம் வேதாளம் ஒரு விதி சொல்கிறது. பதில் தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடித்துவிடும். பேசினால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். இந்த ஒரு விதிதான் அத்தனை கதைகளையும் கோத்துச் செல்கிறது. கடைசிக் கதையில் ராஜாவுக்கு உண்மையிலேயே பதில் தெரியவில்லை. மௌனமாக நடக்கிறான், வேதாளமும் பறந்து போகவில்லை. முடிவு அந்த விதிக்குள்ளிருந்தே பிறக்கிறது பாருங்கள்!

ஆபத்தில் மாட்டிய கதாநாயகன் திடீரென்று கண் விழித்து, "அப்பாடா, எல்லாம் கனவு!" என்று முடிக்கும் கதைகள் நமக்கு நிறைய வருகின்றன. அதுவரை கூடவே பயந்து பயந்து படித்தவருக்கு அது ஏமாற்றம். கொடுத்த வாக்கை மீறியது போல.

4. ஒரே ஒரு இடத்தில் மாற்றுங்கள்

புதுமைப்பித்தன் (1906–1948) எழுதிய 'சாப விமோசனம்' 1943-இல் வெளிவந்தது. அகலிகை கதை நமக்குத் தெரியும்: சாபத்தால் கல்லானாள், ராமன் பாதம் பட்டுப் பெண்ணானாள். அதோடு சுபம். அவரோ அதற்கு அப்புறமும் எழுதினார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் அதே ராமன்தான் என்று அகலிகைக்குத் தெரியவருகிறது. அவள் மறுபடியும் கல்லாகிறாள்.

கல், சாபம், ராமன் எல்லாமே பழையவை. மாறியது முடிவு மட்டும்தான். அதனால் அது நம்மை உலுக்குகிறது. பழைய கதை தெரியாதவருக்கு இந்த அதிர்ச்சி கிடைக்குமா? எல்லாவற்றையும் மாற்றியிருந்தால்தான் கிடைத்திருக்குமா?

மாற்றுவதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த மாற்றத்தால் யாருடைய வலி தெரிகிறது?' பதில் இருந்தால் மாற்றுங்கள். வெறும் ஆச்சரியத்துக்காக என்றால் வேண்டாம்.

செய்து பாருங்கள்!

பாட்டி வடை சுட்ட கதை எல்லோருக்கும் தெரியும். வடையைத் தூக்கிய காக்காவையும் ஏமாற்றிய நரியையும் நினைவில் வைத்திருக்கிறோம். வடை போன பாட்டிக்கு அன்றைய வியாபாரம் என்ன ஆச்சு? யாராவது கேட்டோமா? அங்கிருந்து ஒரு பக்கத்தில் ஒரு கதை எழுதிக் கொடுங்கள். அடுத்த இதழில் இந்தச் சுவரில் உங்கள் பாட்டியைச் சந்திப்போம்!